ஒளியை நெய்ய முடியுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைக் கண்டபோது, 'ஒளி இழைகளும் அவற்றின் பயன்களும்' என்று ஒன்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். மூன்றாம் பருவத்தில் அதே தலைப்பில் வகுப்புக் கருத்தரங்கில் பேசியிருந்தேன். குறிப்புகள் கையில் இருந்தன. ஆனால் எழுத உட்கார்ந்தபோது நாலு வரிக்கு மேல் பேனா நகரவில்லை. கருத்தரங்கில் நான் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று குறுக்கே வந்து நின்றுகொண்டது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பாடத்தைவிட்டு நான் விலகும் இடங்களைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். அப்பா மணிலாக் கொட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசல்வரை என்னைக் கொண்டுவந்து விட்டது அக்கா. பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியவள் அவள். "ரெண்டு பேரையும் படிக்கவைக்க முடியாதும்மா" என்று அப்பா சொன்ன மறுவாரமே ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததும் அவள்தான். 'பெற்றோரின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் என்ன போடுவது என்று நான் விழித்தபோது, "இல்லைன்னு போடு, அதுல என்ன வெட்கம்?" என்றாள்.

அக்காவுக்குப் பதினெட்டு வயதில் வலது மணிக்கட்டில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. ஒரு வருடத்தில் அது நாலணாக் காசு அளவாயிற்று. பிறகு விரல் நுனிகளுக்குப் போயிற்று. கடைசியில் உதட்டோரத்துக்கும் வந்துவிட்டது. வலி இல்லை, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. உதட்டில் வந்த மாதம் கடைக்காரர், "நீ இனிமே மேல்மாடி கோடவுன்ல மடிப்பு வேலையைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டார். சம்பளத்தைக் குறைக்கவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். பேருந்தில் சில்லறையைக் கையில் கொடுக்காமல் இருக்கையின் மேல் வைத்துவிட்டுப் போன நடத்துனரை நானே பார்த்திருக்கிறேன்.

இது தொற்றும் நோயல்ல. நம் உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே, தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தி அணுக்களைப் பகையென்று தவறாக எண்ணித் தாக்குவதால் வருவது. உலகத்தில் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேருக்கு இது இருக்கிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. அப்படியானால் நம் கல்லூரியிலேயே சிலருக்கு இருக்கலாம். முழுக்கைச் சட்டைக்குள் மறைந்திருக்கலாம். நம் ஊரில் இந்த நோய்க்கு 'வெண்குஷ்டம்' என்று ஒரு பெயர் வழங்கிவந்தது. தொழுநோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தச் சொல் வேண்டாம், 'வெண்புள்ளிகள்' என்றே சொல்ல வேண்டும் என்று தமிழக அரசு 2010-இல் ஆணையிட்டது. ஆணை வந்தும் வார்த்தை போகவில்லை. அக்காவின் பழைய மருந்துச் சீட்டு ஒன்றில் அந்தச் சொல் இருக்கிறது. அதை அவள் கிழித்துப் போடவில்லை. நாலாக மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

முதலில் ஊர்ப்பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் போனோம். கார்போகரிசியை அரைத்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். "தடவிட்டு வெயில்ல நில்லு" என்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. சித்திரை மாத வெயில். அம்மா நம்பிக்கையோடு அரை மணி நேரம் நிற்கவைத்தாள். சாயங்காலம் மணிக்கட்டு முழுவதும் நீர் கோத்துக் கொப்புளம். மருந்து பொய் என்று அன்றைக்கு எல்லோரும் முடிவு கட்டினோம்.

மருந்து பொய்யல்ல என்பது எனக்குக் கல்லூரிக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. கார்போகரிசியில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் ஊறிய பிறகு புறஊதாக் கதிர் பட்டால் தோல் பல மடங்கு கூர்மையாக அதற்கு எதிர்வினை காட்டும். அளவோடு பட்டால் நிறம். அளவு மீறினால் கொப்புளம். நம் நாட்டில் இதைப் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். எகிப்து நாட்டில் நைல் நதிக்கரையில் வளரும் வேறொரு செடிக்கும் இதே குணம் உண்டு. கெய்ரோவைச் சேர்ந்த அப்தெல் மோனெம் எல் மோஃப்தி என்ற மருத்துவர் அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த சோராலனை நோயாளிகளுக்குக் கொடுத்து, 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். சோராலனையும் ஆலையில் செய்த புறஊதா விளக்கையும் சேர்த்துக் காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் நோய்க்கு 1974-இல் பயன்படுத்திக் காட்டினார்கள் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலானோர். விளக்கு வாங்க வசதியில்லாத நம் நாட்டில், மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எண்ணிய நிமிடங்கள் மட்டும் வெயிலில் நிற்கும் முறையை மருத்துவர்கள் கைக்கொண்டார்கள். அதே வெயில்தான், அதே மருந்துதான். எங்கள் அம்மாவிடம் இல்லாமல் போனது ஒரு கடிகாரம்.

ஒளியை மருந்தாக்கியதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். 1903-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன் அதைப் பெற்றார். தோலில் வரும் காசநோயைக் கார்பன் வில்விளக்கின் ஒளியால் ஆற்றியவர் அவர். தாமே நோயாளி; பரிசு பெற்ற மறு ஆண்டே காலமானார்.

அக்காவுக்குக் கடைசியில் வழி சொன்ன மருத்துவர், "குறுகிய அலைவரிசைப் புறஊதா ஒளி" என்றார். அதன் அலைநீளம் 311 நானோமீட்டர். நம் சோதனைச்சாலையில் கீற்றணி வைத்துப் பாதரச விளக்கின் நிறமாலையை அளக்கிறோமே, அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதாக் கோட்டுக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாமல் 313-இல் பாதரசத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. விளக்கின் வெளிக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் இந்த 311. காடோலினியம் கலந்த பூச்சைக் குழல் விளக்கின் உட்புறம் பூசி அந்த ஒளியைப் பெறுகிறார்கள். சோராலன் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். வெண்புள்ளிகளுக்கு இது பயன்படும் என்று 1997-இல் நெதர்லாந்தில் காட்டினார்கள்.

அந்த விளக்குகளை வரிசையாக நிறுத்திய அலமாரி போன்ற கூண்டு ஒன்று விழுப்புரத்து மருத்துவமனை ஒன்றில் இருந்தது. வாரம் மூன்று நாள். குறைந்தது ஆறு மாதம். ஒரு வருடமும் ஆகலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. தொடக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்குக் கொடுக்கும் அளவு சுமார் 200 மில்லிஜூல். கூண்டு விளக்கின் செறிவு 5 மில்லிவாட் என்று கொள்வோம். 200-ஐ 5-ஆல் வகுத்தால் 40 வினாடி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். போய் வர 80. வாரம் மூன்று முறை வீதம் 24 வாரத்தில் 72 பயணம், 5,760 கிலோமீட்டர். 40 வினாடி ஒளிக்காக அரைநாள் சம்பளம் ஒவ்வொரு முறையும் போயிற்று. ரயில் கட்டணம் பெரிதல்ல, அரைநாள் பெரிது.

காலைப் பாசஞ்சரில் நானும் அக்காவும் சேர்ந்தே நிலையத்துக்குப் போவோம். அவள் மகளிர் பெட்டியில் ஏறிக்கொள்வாள். நான் நண்பர்கள் இருக்கும் பெட்டிக்குப் போவேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நின்று நின்று போகும். இந்த ஏற்பாடு எனக்கு வசதியாகவே இருந்தது. வசதி எதில் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, மதிய உணவுப் பாத்திரத்தை அவள் பையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். சிகிச்சை முடிந்து அவள் அதை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்து நின்றாள். ஒளி பட்ட நாளில் முகம் கொஞ்சம் சிவந்திருக்கும். உதட்டோரத்து வெள்ளை அப்போது இன்னும் எடுப்பாகத் தெரியும். என்னோடு மூன்று நண்பர்கள் இருந்தார்கள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பியதும் ஒருவன் கேட்டான்: "யார்றா அது?"

"எங்க தெருவுல இருக்கறவங்க. இந்தப் பக்கம் வந்தாங்க, அம்மா குடுத்து விட்டிருக்காங்க" என்றேன்.

எவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றும் வியக்கிறேன். மனப்பாடம் செய்ததுபோல் வந்தது. அக்கா பத்தடிகூடப் போயிருக்கவில்லை. அவள் நடை நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு இரண்டு முறை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். இரண்டு முறையும் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாம் மாதத்தில் சிகிச்சையை நிறுத்திவிட்டாள். "கடையில லீவு தரமாட்டேன்றாங்கடா" என்றாள். அது உண்மைதான். அது மட்டும்தான் உண்மையா என்பதை நான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் மூன்றாம் பருவக் கருத்தரங்கு வந்தது. ஒளி இழை என்ற தலைப்பைப் பேராசிரியர் கொடுத்தார். தொலைபேசியில் தேடத் தேட, செய்தித் தொடர்பு, கடலடிக் கம்பி என்றெல்லாம் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு படம்: ஒரு குழந்தை, அதன் உடம்பில் நீல ஒளி வீசும் துணி.

பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலைக்கு ஒளியில் கிடத்துவது வழக்கம் என்பதை நாம் அறிவோம். அது தொடங்கியது ஒரு செவிலியின் கண்ணால். 1956-இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தையின் உடம்பு வெளுத்திருக்க, துணியின் முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் மருத்துவருக்குக் காட்டினார். அதிலிருந்து ஆராய்ந்து 1958-இல் கிரெமர் என்பவரும் அவர் தோழர்களும் கட்டுரை எழுதினார்கள். துணி மூடிய இடத்தில் நோய் தங்கிற்று என்று தொடங்கிய கதை, துணியே ஒளி தரும் கதையாக இன்று வளர்ந்திருக்கிறது.

பிரான்சில் லியோன் என்று ஒரு நகரம். பட்டுக்குப் பேர்போனது. அட்டையில் துளையிட்டுப் பூவேலை போடும் தறியை ஜக்கார்டு என்பவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கேதான் அமைத்தார். அதே ஊரில் புரோஷியே என்ற பட்டு நெசவுப் பரம்பரையினர் ஜக்கார்டுத் தறியிலேயே பிளாஸ்டிக் ஒளி இழைகளை நெய்து, காமாலைக் குழந்தைகளைச் சுற்றி வைக்கும் ஒளித்துணிக்கு வழி செய்தார்கள். சுவிட்சர்லாந்தின் எம்ப்பா ஆராய்ச்சி நிலையம் இதே காரியத்துக்குச் சாட்டின் நெசவில் ஒரு சின்னச் சட்டையை 2017-இல் செய்து காட்டியது. கொரியாவின் கேய்ஸ்ட் நிறுவனத்தார் இன்னும் ஒரு படி போய், துணியின் மேலேயே ஒளிரும் கரிமப் படலத்தைப் பூசினார்கள். ஸ்காட்லாந்தில் தோல் புற்றுநோய்க்கு ஒளிரும் ஒட்டுப் பட்டையை உருவாக்கினார்கள். பிலிப்ஸ் நிறுவனம் 453 நானோமீட்டர் நீல ஒளி தரும், கையில் கட்டிக்கொள்ளும் கருவியைச் சொரியாசிஸ் நோயாளிகளுக்காகக் கொண்டுவந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கைக்குட்டை அகலத்தில் ஒரு துணி. அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அக்கா மாடியில் புடவை மடிக்கிறாள். ரயில் இல்லை, அரைநாள் இல்லை, கல்லூரி வாசலும் இல்லை. (கடைசியாகச் சொன்னதுதான் என் மனத்துக்குள் முதலில் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

மறுநாள் கணக்கைப் போட்டேன். கணக்கு முகத்தில் அறைந்தது. 1,240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். சிவப்பு 635-க்கு 1.95, நீலம் 453-க்கு 2.74, அக்காவுக்கு வேண்டிய 311-க்கு ஏறக்குறைய 4. நான் படித்த துணிகள் எல்லாம் நீலத்திலும் சிவப்பிலும் நின்றுவிடுகின்றன. காரணம் எளிது. அந்த இழைகள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அழகாகக் கடத்தும், 311-ஐ விழுங்கிவிடும். தூய சிலிக்கா இழை கடத்தும். ஆனால் ஒடியும், விலையும் கூட. சரி, இழையே வேண்டாம், துணியில் சின்னச் சின்ன ஒளியுமிழ் டையோடுகளைத் தைத்துவிடலாமே என்றால், 310-க்கு அருகில் ஒளிரும் டையோடு, கொடுக்கும் மின்சாரத்தில் சில சதவீதத்தை மட்டுமே ஒளியாக்குகிறது. மீதி சூடு. அந்தச் சூட்டைத் தோலோடு ஒட்டிக் கட்டிக்கொள்ள முடியாது.

அப்படியானால் மிகக் குறைந்த செறிவில் வெகுநேரம் கொடுத்தால் என்ன? 200 மில்லிஜூலை 0.05 மில்லிவாட்டால் வகுத்தால் 4,000 வினாடி. ஒரு மணி ஏழு நிமிடம்தான்! ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் முடிந்துவிடும். செறிவும் நேரமும் பெருக்கி வரும் தொகை ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றாக இருக்கும் என்று பன்சன், ராஸ்கோ இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விதி வகுத்திருக்கிறார்கள். ஆனால் அது புகைப்படத் தகடு போன்ற பொருள்களுக்கு. உயிருள்ள தோல் சும்மா இருப்பதில்லை. மெதுவாக அடித்தால் அடிபட்ட இடத்தை அவ்வப்போது சரிசெய்துகொண்டே போகும். எனவே விதி அங்கே அப்படியே செல்லாது. இந்த இடத்தில் என் இரண்டாம் ஆண்டு இயற்பியல் கையை விரித்துவிட்டது.

ஆனால் ஒன்று தெளிவாயிற்று. ஒளி வீட்டுக்கு வருவது பணக்கார விளையாட்டல்ல. 2024-இல் அமெரிக்காவில் சொரியாசிஸ் நோயாளிகள் 783 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே விளக்கும், மீதிப் பேருக்கு மருத்துவமனையில் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்த முடிவு வந்தது. வீட்டில் எடுத்துக்கொண்டவர்களுக்குக் குணம் குறையவே இல்லை. சொன்னபடி ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள் வீட்டில் பாதிக்கு மேல். மருத்துவமனைக்கு வரவேண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர். காரும் நல்ல சாலையும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. அக்கா நாலு மாதம் விடாமல் வந்தாளே, அவளைச் 'சிகிச்சையைப் பாதியில் விட்டவள்' என்று எந்தப் பதிவேட்டில் எழுதியிருந்தாலும் அது தவறு. வெண்புள்ளிகளுக்குக் கையடக்க விளக்கை வீட்டில் கொடுத்துப் பார்த்த இங்கிலாந்துச் சோதனை இவ்வளவு உற்சாகம் தரவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஒன்பது மாதத்தின் முடிவில் களிம்பு மட்டும் பூசியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கும், ஒளியையும் களிம்பையும் சேர்த்து எடுத்தவர்களில் 27 பேருக்கும்தான் குறிப்பிட்ட புள்ளி நன்றாக மறைந்தது.

விடுமுறையில் சிறுவந்தாட்டுக்குப் போனேன். அம்மாவின் தம்பி அங்கே பட்டுத்தறி போட்டிருக்கிறார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது ஊடையில போற நூலா, பாவுல இருக்கற நூலா மாப்ள?"

"ஊடை மாமா."

"அப்ப வெளிச்சம் முனையிலதானே வரணும்? நடுவுல எப்படி வருது?"

கருத்தரங்கில் ஒருவரும் கேட்காத கேள்வி! இழைக்குள் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் ஓடுகிறது, மாறுநிலைக் கோணத்தைவிடக் குறைந்த கோணத்தில் சுவரில் பட்டால் வெளியே கசிந்துவிடும் என்று சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஊடை நூல் பாவு நூலுக்கு அடியில் நுழைந்து மேலே எழும் இடத்தில் விரலை வைத்தார். "இங்க மடங்குது. இங்கதான் ஒழுகுது" என்றார். நான் இரண்டு பக்கம் படம் வரைந்து விளக்கியதும் அதைத்தான்.

திருவிழாக் கடைகளில் விற்குமே, நீரூற்றுப்போல் இழைகள் விரிந்து நுனியில் மினுக்கும் விளக்கு, அதை ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இழைகளை உருவி எடுத்து, பெரிய தறி வேண்டாமென்று ஒரு சின்னச் சட்டத்தில் பருத்திப் பாவு கட்டி, ஒரு சாண் அகலத்துக்கு மாமா நெய்தார். முதலில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சாதா நெசவு. இழை விறைத்துக்கொண்டு பாவைத் தள்ளியது. ஒளி முழுவதும் தொடக்கத்திலேயே ஒழுகித் தீர்ந்து, மறுகோடி இருட்டாகக் கிடந்தது. பிரித்துப் போட்டுவிட்டு, நாலு மேலே ஒன்று கீழே என்று சாட்டின் போட்டார். கொஞ்சம் பரவியது. ஆனாலும் மறுகோடி மங்கல். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தார். "வெளிச்சம் நெறைய இருக்கற பக்கம் பெரிய மிதப்பா விடுவோம். போகப் போக மிதப்பைக் குறைச்சு மடிப்பை அதிகமாக்குவோம். ஜரிகை தீந்துபோற புட்டாவுக்கு இப்படித்தான் சமாளிக்கறது" என்றார். மூன்றாவது முறை, ஒரு சாண் துணி ஓரளவுக்கு ஒரே சீராக ஒளிர்ந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த கைதட்டலை அவரிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

அந்தத் துணியைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தேன். அன்று இரவு மின்விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் ஒளியை இழைக் கற்றையில் வைத்துக் காட்டினேன். அக்கா வலது கையை அதன்மேல் வைத்தாள். விரல் நுனிகளின் வெள்ளை, வெளிச்சத்தில் தெரியாமல் போயிற்று.

"இதுல குணமாகாதுல்ல?" என்றாள்.

"ஆகாதுக்கா. இது வேற அலைநீளம்."

"தெரியும். நீ சொன்னியே." கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, துணியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு உன் பிரண்டு கேட்டதுக்கு நீ சொன்னது காதுல விழுந்துச்சுடா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

"எனக்கும் அப்படித்தான் சொல்லத் தோணும், உன் இடத்துல இருந்தா" என்றாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த மூன்று நண்பர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். நண்பர்களே, அன்று வாசலுக்கு வந்தவர் எங்கள் தெருக்காரர் அல்லர். அவர் என் அக்கா.

கார்த்திகை மாதத்திலிருந்து அக்கா மறுபடியும் விழுப்புரம் வருகிறாள். மூன்று நாள் முடியாது, புதனும் சனியும். இரண்டு நாளும் போதும், குணம் கொஞ்சம் தாமதமாகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ரோமக்கால்களின் அடியில் ஒளிந்திருக்கும் நிற அணுக்கள்தான் ஒளி பட்டு மேலே ஏறிவர வேண்டும் என்பதால், ரோமம் இல்லாத உதடும் விரல் நுனியும் எளிதில் மசியமாட்டா என்றும் சொன்னார். 2022-இல் அமெரிக்க அரசு அனுமதித்த ஒரு புதிய களிம்பைப் பற்றிக் கேட்டேன். விலையைச் சொன்னார். அப்பாவின் எத்தனை மாதச் சம்பளம் என்று மனத்துக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "பேர் போடாதே, மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றாள். கடைக்காரர் பகுதியில் இன்னும் காரமாக எழுதியிருக்கலாம் என்றும் சொன்னாள். மணிக்கட்டைக் காட்டினாள். நாலணா அளவு வெள்ளைக்குள், மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் ஏழெட்டுப் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. உதட்டில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. நாளை புதன்கிழமை.